மூலை இலையில் ஒரு பச்சைப் புள்ளி

அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை, பகல் ஒண்ணு பத்து. பிரகாசி அக்கா மீன் சாப்பாட்டுக் கடை. இலை அஞ்சு... ஆள் நாலு.

இந்தக் கணக்கை மனசுல வச்சுக்குங்க. சங்கக் கூட்டத்துல கதை சொல்றவன் இல்ல நான். உங்க படகு எங்க நிக்குதுன்னு ஊர்ல எல்லார் போன்லயும் காட்டுற இடங்காட்டிப் பெட்டியை மாட்டுறவன், ரிப்பேர் பாக்கறவன். இன்னைக்கு மட்டும் ஒரு குட்டிக் கதை, கேட்டுருங்க. நடுவுல யாரும் போனை எடுக்க வேண்டாம்.

அக்கா கடை முறை உங்களுக்குத் தெரியும். யார் பிடிச்ச மீன் குழம்புல கிடக்குதோ, அவருக்குத்தான் முதல் இலை. அவர் வர்ற வரைக்கும் அந்த இலையில வேற ஆள் உக்காரக்கூடாது. அந்த ஒரு வாரமா முதல் இலை யாருக்கு? தஸ்நேவிஸ் அண்ணனுக்கு. தினம் கூடை நிறைய களவா மீன் கொண்டு வந்தாரு. எந்தப் பாருல, எந்தப் பாறைத் திட்டுல பிடிக்கிறாருன்னு யாருக்காவது சொன்னாரா? சொல்லல.

நான் போய் உக்காந்தேன். பக்கத்துல அவரோட மச்சான் கஸ்பார், எதிர்ல இன்னும் ரெண்டு பேர். மூலையில, கீற்றுச் சாய்ப்புக்குக் கீழ, முதல் இலை போட்டிருக்கு. தண்ணி தெளிச்சிருக்கு. டம்ளர் வச்சிருக்கு. ஆள் இல்ல.

அக்கா எனக்குக் குழம்பு ஊத்தினாங்க. பாத்தா... சாளை.

"அக்கா, களவா இல்லியா?"

"இன்னைக்குச் சாளைதான் தம்பி. பேசாம சாப்பிடுங்க."

எனக்கு அங்கயே இடிச்சது. களவா வரல. அப்ப களவா பிடிச்சவருக்கு எதுக்கு இலை?

"கஸ்பார் அண்ணே, உங்க மச்சான் எங்க?"

அவரு வாய் நிறைய சோத்தோட சிரிச்சாரு. "என்ன என்ஜினியரே, நீங்க மாட்டின பெட்டி, என்கிட்ட கேக்கீங்க? காலையில எட்டு மணிக்கே எந்தங்கச்சி ஜெசிந்தா போன் போட்டா. 'நேத்து சாயங்காலம் போன மனுசன் இன்னும் காணலியே'ன்னு. நான் மேப்பைப் பாத்தேன். 'ஏ பிள்ள, உன் மாப்பிள்ள பிரகாசி கடையில உக்காந்து திங்கான், போய் வேலையைப் பாரு'ன்னு சொல்லிட்டேன்."

போனை நீட்டினாரு. பச்சைப் புள்ளி. நான் விரலால பெருசாக்கினேன்... கடை வந்துச்சு. இன்னும் பெருசாக்கினேன்... சாய்ப்பு வந்துச்சு. புள்ளி எங்க நிக்குது தெரியுமா?

அந்த மூலை இலையில.

நாங்க நாலு பேரும் திரும்பிப் பாத்தோம். யாருமில்ல. ஃபேன் காத்துல இலையோட ஓரம் மட்டும் தூக்குது... படியுது... தூக்குது.

"எங்கல இருக்கான் இங்க?" கஸ்பார் அண்ணன் குரல் மாறிப் போச்சு.

அப்ப கேட்டுச்சு. கீச்... ஒரே ஒரு தடவை. இலைக்கு நேர் மேல. நான் வாட்ச்சைப் பாத்தேன். சரியா ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடியும்... கீச். எனக்கு அது என்ன சத்தம்னு தெரியும். பேட்டரி இறங்கினா பெட்டி அப்படித்தான் கத்தும். பெஞ்சு மேல ஏறி கீற்றுக்குள்ள கையை விட்டேன். பழைய பனியன்ல சுத்தி, பெட்டி. கீற்று சிக்னலை மறைக்காது. அதெல்லாம் தஸ்நேவிஸ் அண்ணனுக்கு நல்லாவே தெரியும்.

பிரகாசி அக்கா கரண்டியைக் கீழ போட்டாங்க.

"ஆறு நாளா அங்கனதான் சொருகிட்டுப் போறான் தம்பி. 'அக்கா, என் பாரை ஊரே போன்ல பாத்துட்டு வந்துரும். யாரு கேட்டாலும் இங்க சாப்பிடுதேன்னு சொல்லு'ன்னான். பதினோரு மணிக்குச் சாப்பிட வந்துருவான்... வந்துருவான்னுதான் இலையைப் போட்டேன்..."

எட்டு மணியிலருந்து ஒண்ணு பத்து வரைக்கும் யாரும் தேடல. ஏன் தேடணும்? மனுஷன்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே!

முப்பத்திரண்டு படகுல தேடிப் போனீங்க. எந்தப் பக்கம் போறதுன்னு யாருக்காவது தெரிஞ்சுதா? மூணாம் நாள் படகு கிடைச்சது. ஐஸ் பெட்டி நிறைய களவா இருந்தது. ஆள் இல்ல.

இடங்காட்டியை எடுக்க அக்கா விடல. "அவனே வந்து எடுக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. பதினஞ்சாம் தேதியே பேட்டரி செத்துச்சு. புள்ளி போகல. கடைசியா தெரிஞ்ச இடத்துலயே சாம்பல் நிறத்துல நிக்கும், நான் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். இன்னைக்கும் அந்த இலையிலதான் நிக்குது.

இதை உங்ககிட்ட ஏன் சொல்றேன்? பெட்டி பொய் சொல்லல. பெட்டி எங்க இருக்குதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நீங்க எங்க இருக்கீங்கன்னு கரையில ஒரு உசுருக்காவது நீங்கதான் சொல்லிட்டுப் போகணும். பாரை ஒளிங்க. அது உங்க பொழப்பு. உங்களையே ஏன்யா ஒளிக்கிறீங்க?

நேத்து, அதே ஒண்ணு பத்துக்கு மேப்பைத் திறந்தேன். அக்கா கடையில சாம்பல் புள்ளி ஒண்ணு. அதைச் சுத்தி... பச்சைப் புள்ளி ஆறு. ஓடிப் போய்ப் பாத்தேன். உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தது ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் கடலுக்கே போறதில்ல.

அந்த ஆறு பேரும் இப்ப இந்த மண்டபத்துல இருக்கீங்க. தலையைக் குனியாதீங்க. நான் செய்யப் போறதைச் சொல்லிட்டு இறங்குறேன்.

1. இங்கருந்து நேரா அக்கா கடைக்குப் போய் கீற்றுல இருக்கிற ஆறையும் இறக்குவேன். பேர் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு இது தெரியாது, அவங்களைத் திட்டாதீங்க.

2. நாளைக் காலையில ஆறையும் படகுல திருகி மாட்டுவேன். அந்தத் திருகைக் கழற்றுற சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கும்.

3. மேப்பை மாத்துவேன். இனி உங்க படகு ஊருக்குத் தெரியாது. நீங்க சொல்ற ஒரே ஒரு ஆள் போன்ல மட்டும் தெரியும். தஸ்நேவிஸ் அண்ணன் ஆகஸ்ட்லயே இதைத்தான் என்கிட்ட கேட்டாரு. "பாக்கலாம்ணே, இப்ப நேரமில்ல"ன்னேன். அரை நாள் வேலை.

4. ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போய், அந்த அரை நாளைப் பத்தி நானே சொல்லுவேன்.