பதினான்காம் வட்டாரத்தின் செல்லாத வாக்கு

பெயர்: சுந்தரேஸ்வரி. கணவர்: காலஞ்சென்ற அருளம்பலம். வயது: 46. தொழில்: முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. முகவரி: கால்வாய் வீதி, பதினான்காம் வட்டாரம், ஏர்லன்ஃபோர்ட் நகரம். ஜேர்மன் குடியுரிமை பெற்றவர். தமிழில் சொன்னது, மொழிபெயர்ப்பாளர் ரமாவின் உதவியுடன் 2009 ஒக்டோபர் மாதம் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்டது.

கால்வாயில் இறந்து கிடந்த தம்பித்துரை ஐயாவை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபது தாண்டியவர், மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். அவருடைய வீட்டுக் கதவில் கறுப்புப் பெயின்றால் பிள்ளையார் சுழி போட்டு அதன்மேல் புள்ளடி, வாக்குத்தாளில் போடுகிற பெருக்கல் குறி, கீறியது யார் என்று கேட்கிறீர்கள். நான் கண்ணால் காணவில்லை. பிள்ளையார் சுழி என்பது எங்கள் சைவ ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலைப்பில் முதலில் போடும் சிறு குறி. அந்தக் குறி எப்படி ஐயாவின் தலையில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வந்து சொல்லியிருப்பேன் என்று சொன்னால் அது பொய்.

எங்கள் வட்டாரம் நிலக்கரிச் சுரங்கம் இருந்த காலம் முழுவதும் ஒரே கட்சிக்குத்தான் போட்டது. சுரங்கம் மூடிய பிறகு 1999இல் மற்றக் கட்சி பிடித்தது. 2004இல் எங்கள் தமிழ்ப் பாடசாலை அதிபர் விஜயரத்தினம் அண்ணை பழைய கட்சிக்காக நின்று தோற்றார். இந்த வருடம் மறுபடியும் நின்றார். மே மாதம் ஊரில் சண்டை முடிந்த பிறகு எங்கள் சனம் செத்த வீட்டுக்காரர் மாதிரித்தான் திரிந்தது. எங்களுக்கென்று பேச நகரசபையிலாவது ஒருத்தர் வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். நகரசபை என்பது வீதியில் பள்ளம் மூடுகிற இடம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ஓகஸ்ட் முப்பதாம் திகதி தேர்தலன்று, சனிக்கிழமைகளில் நானும் படிப்பிக்கும் எங்கள் தமிழ்ப் பாடசாலை நடக்கும் அதே கட்டடத்தில் வாக்குச்சாவடி இருந்தது. நான் தேர்தல் உதவியாளராக வாக்காளர் பதிவேட்டோடு மேசையில் இருந்தேன். விஜயரத்தினம் அண்ணை காலையிலேயே வந்து தன் வாக்கைப் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவருக்காக வேலை செய்த சூசைதாசன் தன் வான் வண்டியில் வயதானவர்களை ஏற்றிவந்து இறக்கினார். கடைசியாக அந்த வண்டியில் தம்பித்துரை ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மேசைக்கு வராமல் என்னைக் கையால் கூப்பிட்டார். நான் எழுந்து வாசல் நடைக்குப் போனேன்.

"பிள்ளை, என்ரை பேர் உந்தப் பதிவிலை இராது. பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுத்த அன்ட்ராக்கைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள், அரசாங்கம் தாற சோசியல் காசிலை இருக்கிறனாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது என்று இளவேனிலில் எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர் அவர். நான் ஓம் என்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு வெளியே போனார். வானடியில் சூசைதாசன், அவர் வாக்குப் போட்டுவிட்டார் என்று நினைத்து, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியதை ஜன்னலால் கண்டேன்.

மாலையில் வாக்கு எண்ணும்போது ஒரு தாள் தனியாக வைக்கப்பட்டது. விஜயரத்தினம் என்ற பெயருக்கு நேரே ஒழுங்கான புள்ளடி இருந்தது, தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருந்தது. சாவடித் தலைவி என்னிடம் இது என்ன என்று கேட்டார். பேனை வழுக்கியிருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சுழி என்றுதான் சொன்னேன். வேறு குறி இருந்தால் ஆளை அடையாளம் காட்டும், செல்லாது என்று தலைவி சொல்லி எல்லோரையும் கை உயர்த்தச் சொன்னார். நானும் உயர்த்தினேன். அதன் பிறகு வட்டாரம் முழுவதும் கூட்டிப் பார்த்ததில் விஜயரத்தினம் அண்ணை ஒரு வாக்கால் தோற்றிருந்தார். அந்தத் தாள் செல்லுபடியாகியிருந்தால் சமன், திருவுளச் சீட்டுப் போட்டிருப்பார்கள்.

எண்ணுவதைச் சூசைதாசனும் நின்று பார்த்தவர். மறுநாள் கோயில் மண்டபத்தில், சுழி போட்ட ஒரு தாளால்தான் தோற்றோம் என்று எல்லோருக்கும் சொன்னார். "எதிர்த்து மனுக் குடுப்பம் அண்ணை, அந்தத் தாளைத் திருப்பி எடுத்துப் பாக்கச் சொல்லுவம்" என்றார். விஜயரத்தினம் அண்ணை உடனே, "வேண்டாம், விடுங்கோ" என்றார். யார் இப்படிச் செய்தது என்று சனம் சத்தம் போட்டது. அப்போது அண்ணை, "கடைச் சிட்டையிலையும் சுழி போடுறவர் ஒருத்தர் இருக்கிறார்தானே" என்றார். எல்லோரும் தம்பித்துரை ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு கோயிலில் அர்ச்சனைச் சிட்டை எழுதும் வேலையை அவரிடமிருந்து எடுத்தார்கள். அன்னதானத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே இருந்தது. வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுத் துரோகி என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். பிறகு கதவில் பெயின்ற். அதைக் கேள்விப்பட்டு நான் போனபோது அவர் தாச்சிச் சட்டி தேய்க்கும் கம்பியால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லப்போறன் ஐயா, உங்களுக்கு வோட்டே இல்லையெண்டு" என்றேன்.

"சொன்னால் நான் உங்களோடை கதைக்க மாட்டன், பிள்ளை. இப்ப நான் பிழையா வோட்டுப் போட்ட மனுசன். சொன்னியளெண்டால் பொய் சொல்லி லட்டுக் குடுத்த மனுசன்" என்றார்.

நான் கம்பியை வாங்கி மிச்சத்தைத் தேய்த்துவிட்டு வந்தேன். அந்தக் கிழமை முடிய முதல் அவரைக் கால்வாயில் எடுத்தார்கள். அவரை யாரும் தள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது. தள்ளியிருக்கத் தேவையில்லை.

கேள்வி: அந்தச் சுழியைப் போட்டவர் யார் என்று தெரியுமா?

பதில்: தெரியும். தாளைக் கையில் எடுத்த உடனேயே தெரியும். வாக்கு இரகசியம் என்று உறுதி கொடுத்துவிட்டு மேசையில் இருந்தவள் நான், அதனால் வாயைத் திறக்கவில்லை. பயமும் இருந்தது. பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கரும்பலகையின் மேலே அந்தச் சுழியைப் பார்க்கிறேன். வாலைக் கீழே இழுத்து, இடப்பக்கம் மடக்கி, அடியில் ஒரு புள்ளி வைப்பவர் எங்களுக்குள் ஒரே ஒருவர்தான். அது விஜயரத்தினம் அண்ணையின் கை. தன் வாக்கைத் தானே கெடுத்தார். மண்டபத்தில் சுழி என்ற சொல் காதில் விழுந்தபோதே அவருக்கும் அது தெரியும். தாள் நகரசபையில் முத்திரை வைத்த தாள்கட்டுக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

நான் சொன்ன எல்லாவற்றையும் ரமா எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, முழுவதும் உண்மை. ஐயாவுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை என்ற பகுதியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று அதிகாரி சொன்னார். அதன் பிறகு கையெழுத்து வைத்தேன்.

ஒப்பம்: அ. சுந்தரேஸ்வரி