செவுத்துல இருக்கற எழுத்து அட்டை

சோமனூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "கண்ணு மங்கிப்போச்சுன்னு எம்புள்ளகிட்டச் சொல்லவே இல்லீங்க."

"ஏனுங்க, கண்ணு டெஸ்ட் பண்றதுக்குத்தானே அது படிச்சுது?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஆமாங்க. இப்ப மாலத்தீவுல வேலை. சுத்தியிருக்கற தீவுக்கெல்லாம் அது ஒருத்திதான் படகுல போய்ப் பாக்குது. சொன்னா வேலைய உட்டுப்போட்டு வந்துருமுங்க."

"போன்ல கண்டுபுடிக்காதா?"

"படிக்கறப்ப என்னைய உக்கார வெச்சுத்தானுங்க பழகுச்சு. அந்த எழுத்து அட்டை இன்னும் செவுத்துல தொங்குது. வீடியோல வந்து படிக்கச் சொல்லும். கடைசி வரி வரைக்கும் மனப்பாடமாச் சொல்லிப்போடுவேன்."

"அதுக்குப் புள்ள என்ன சொல்லும்?"

"உன்னப் பத்திக் கவலையே இல்லைம்மாங்கும்."

பஸ் நின்றது. ஊர்ப் பெயர்ப்பலகை ஜன்னலுக்கு நேராக இருந்தது.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்டார் ஜன்னலோரம் இருந்தவர்.