பங்காளியின் எச்சில்

எனக்கு எச்சில் என்றால் ஆகாது, மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். டம்ளரை வாயில் வைத்துக் குடிக்க மாட்டேன், அண்ணாந்துதான் குடிப்பேன். இப்போது நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயை நான் தூக்கிக் குடித்ததை வாக்குமூலம் எழுதும் உங்கள் எழுத்தர் வேடிக்கை பார்த்தார். கொதிக்கிற டீயை அண்ணாந்து குடிப்பதும் ஒரு திறமைதான். பட்டாளத்தில் அதற்கு மெடல் கிடையாது, அவ்வளவுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் மாட்டிக்கொண்டதற்கு இந்தச் சுத்தம்தான் காரணம். மற்றபடி நான் பார்த்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

என்னைப் பற்றி உங்களிடம் எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் முறைப்படி எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தங்கதுரை, ஓய்வுபெற்ற ஹவில்தார். சொந்த ஊர் கணியூர், இப்போது இருப்பது திருப்பூர் ராயபுரம். ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குத் தொழிலாளர் நலனில் அக்கறை அதிகம். அந்த நலன் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆடிட்டர் வருவார். அவர் வருகிற அந்த ஒரு நாள் எல்லாம் சரியாக இருக்கவேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பட்டாளத்தில் நான் கடைசியாகப் பார்த்த பெரிய வேலை அமைதிப்படை. அமைதிப்படை என்றதும் ஊரில் எல்லோரும் இலங்கையா என்று கேட்கிறார்கள். இல்லை, இது ஆப்பிரிக்கா. நீலத் தொப்பி போட்டுக்கொண்டு பல தேசத்துப் பட்டாளங்களோடு சேர்ந்து போனோம். அந்த நாட்டில் இரண்டு தரப்பு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு பேரையும் வெயிலில் முறைத்துக்கொண்டிருந்தோம். அமைதி காப்பது என்றால் பெரும்பாலும் அதுதான். எனக்குக் கிடைத்தது முகாம் ஸ்டோர் பொறுப்பு. அரிசி, டின் மீன், தண்ணீர் டேங்கர் எல்லாம் என் கையில்.

இன்னொரு பொறுப்பும் இருந்தது. போய் இறங்கிய உடனே எல்லாப் படைக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்கள். உள்ளூர்ப் பெண்களிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும், எது கூடாது, தப்பு நடந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதெல்லாம் பாடம். ஏதோ ஒரு பனி தேசத்து அம்மாள் ஆங்கிலத்தில் சொல்வார். எங்கள் பிரிவில் தமிழ்ப் பையன்கள் நிறைய, அவர்களுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். சோற்றைக் காட்டிப் பெண்ணைக் கூப்பிடுவது குற்றம், அவள் சரி என்றாலும் குற்றம், சரி என்று சொல்வது அவள் இல்லை, அவள் பசி என்று விளக்கினேன். அந்த அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொடுத்த சான்றிதழ் இன்னும் என் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அதனால் விதி தெரியாமல் செய்துவிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அது அவமானம்.

முகாமின் பின்வாசலுக்குப் பெண்கள் வருவார்கள். துணி துவைத்துக் கொடுத்துவிட்டு எதையாவது வாங்கிப் போவார்கள். வாயில் நுழையாத பெயர்கள். நாங்கள் எல்லோரையும் மேரி என்று கூப்பிட்டோம். உங்கள் பைலில் இருக்கிற பெண்ணும் ஒரு மேரிதான். நிஜப் பெயரைப் போன தடவை நீங்கள் சொன்னீர்கள், நாக்கில் நிற்கவில்லை. பத்தொன்பது வயது. அப்பா அம்மா சண்டையில் செத்துப்போய்விட்டார்கள். கீழே தம்பி தங்கைகள். பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு இளகின மனசு. என் மனைவி சித்ரகலாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்வாள்.

அரிசி கொடுத்தேன். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். அரிசி கொடுத்தது திங்கட்கிழமை. அவள் ஸ்டோருக்குள் வந்தது வியாழக்கிழமை. கொடுக்கல் வாங்கல் என்றால் கைக்குக் கை மாறவேண்டும் அல்லவா. நான் நடுவில் நாள் விட்டிருக்கிறேன்.

அவளாகத்தான் வந்தாள். பின்வாசல் சாவி என்னிடம் இருந்தது நிஜம், கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். ஆனால் நடந்து வந்தது அவள் கால்.

ஒரு தடவை, இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். எனக்குக் கோபமே வரவில்லை, நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. அந்த வாரம் அவள் குடிசை இருந்த பக்கம் தண்ணீர் டேங்கர் போகவில்லை. டீசல் தட்டுப்பாடு. மற்ற பக்கங்களுக்குப் போனதே என்று கேட்பீர்கள். அது வேறு ரூட். அடுத்த வாரம் அவள் வந்தாள், டீசலும் வந்துவிட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது உங்கள் உத்தியோகம், நான் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் முறை முடிந்து ஊர் திரும்பினோம். பென்ஷன் வாங்கிக்கொண்டு நான் திருப்பூர் வந்துவிட்டேன். வந்து கொஞ்ச காலத்தில் தாக்கீது வந்தது. அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், தகப்பன் நான் என்று புகார் கொடுத்திருக்கிறாளாம். என் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் படித்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்துக்குள் தேய்த்து எச்சில் எடுப்பார்களாம். அதைக் குழந்தையின் எச்சிலோடு ஒத்துப் பார்த்தால் தகப்பன் யார் என்று தெரிந்துவிடுமாம். நான் பதறவில்லை. ஆடிட் என்றால் எனக்கு அத்துப்படி.

எங்கள் கம்பெனிக்கு வடக்கிலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஆத்தப்பன். எனக்கு மாப்பிள்ளை முறை. ஆடிட்டர் வருகிற நாளில் வயது குறைந்த பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பின்கேட் வழியாகக் கோயில் குளம் பார்க்க அனுப்பிவிடுவார். அவர்கள் தைக்கிற மெஷின்களில், ஆடிட்டருக்குப் பதில் சொல்லப் பழக்கிய ஆட்களை நான் உட்காரவைப்பேன். போனவர்களின் அடையாள அட்டை வந்தவர்களின் கழுத்தில் தொங்கும். இதுவரை எந்த ஆடிட்டரும் முகத்தைப் பார்த்தது கிடையாது. அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் ஆத்தப்பன் கையிலிருந்த வடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதுக்கு ஏனுங் மாப்ள மண்டயக் கொழப்பிக்கறீங்க? நம்ம ஒடிசாப் பையன் ஒருத்தன உங்க கார்டக் குடுத்து அனுப்பி உடறேன். வாயத் தொறந்து காட்டிட்டு வரப்போறான்."

அதுதான் சரியான யோசனை. அன்றைக்கே தலையாட்டியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் குச்சியை ஒரு குழாயில் போட்டு, தங்கதுரை என்று எழுதி, என் அப்பா பெயரையும் எழுதிக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். எவனோ ஒருவனுடைய எச்சில் என் அப்பா பெயரில் காலத்துக்கும் கிடக்கும்.

"இல்லீங் மாப்ள. எங்க பேர்ல அடுத்தவன் எச்சலு கெடக்கப்படாது. எங்க கூட்டத்து ஆளாத்தான் இருக்கோணும்."

"பொண்ணுப் பாக்கறப்பக்கூட நீங்க இத்தன கூட்டம் பாக்கலீங்களே!" என்று ஆத்தப்பன் சிரித்தார்.

கூட்டம் என்றால் உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஒரே பாட்டன் வழியில், அப்பனிலிருந்து மகன், மகனிலிருந்து பேரன் என்று இறங்கி வந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம். குலசாமி ஒன்று. எல்லோரும் பங்காளிகள், உள்ளுக்குள் பெண் எடுக்க மாட்டோம். பெண்பிள்ளைகள் கல்யாணமானால் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆண்பிள்ளைகள்தான் நிற்பார்கள்.

என் சித்தப்பா மகன் தரணீதரன் எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் சூப்பர்வைசர். வேலை வாங்கிக் கொடுத்தது நான். அதே மூக்கு, அதே காது. அடையாள அட்டையில் இருக்கிற என் பழைய போட்டோவுக்கு என்னைவிட அவன்தான் பொருத்தம். கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பொண்ணு பொய்யிங்களா சொல்லுது, அண்ணா?"

"ஆமா கண்ணு."

"அப்பச் செரிங்ணா" என்று போய்விட்டான். போய், வாயைத் திறந்து, என் பெயரில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தான். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். ஆள்மாறாட்டம் என்று அவன்மேலும் வழக்குப் போடப்போகிறீர்களாம். அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அது நின்றுபோயிற்று. நல்ல பையன், கொஞ்சம் யோசிக்கமாட்டான்.

முடிவு வந்தது. தங்கதுரை தகப்பன் இல்லை. குலசாமிக்கு ஒரு கிடாய் வெட்டினேன். அந்த வாரமே கம்பெனியில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தேன், யாராவது அத்துமீறினால் பயப்படாமல் புகார் கொடுங்கள் என்று. ஆப்பிரிக்காவில் சொன்ன அதே பாடம்தான்.

அங்கே என்ன நடந்தது என்று நீங்கள்தான் போன தடவை சொன்னீர்கள். ஊரே அவளைப் பொய்க்காரி என்றதாம். தங்க இடம் கொடுத்திருந்த அத்தை, குழந்தையோடு வெளியே தள்ளிவிட்டாளாம். உதவிச் சாமான் வாங்கப் போனால், வீண்பழி போட்டவள் என்று வரிசையிலிருந்து விரட்டினார்களாம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஆனால் அவள் விடவில்லை. மறுபடி மறுபடி போய் நின்றிருக்கிறாள். அவளுடைய தொல்லை தாங்காமல் யாரோ பழைய பரிசோதனையை எடுத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். இந்த எச்சில்காரர் தகப்பன் இல்லை, அது சரி, ஆனால் குழந்தையின் ஆண்வழியும் இவருடைய ஆண்வழியும் ஒன்றே என்று வந்துவிட்டது. அப்பனிலிருந்து மகனுக்கு மாறாமல் போகிற ஒன்று உடம்பில் இருக்கிறதாமே. எங்கள் ஆட்கள் அதைத்தான் காலகாலமாகக் கூட்டம் என்கிறார்கள். அந்த முகாம் முழுக்கத் தேடினாலும் எங்கள் கூட்டத்து ஆள் நான் ஒருவன்தான்.

ஒடிசாப் பையனை அனுப்பியிருந்தால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆத்தப்பன் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, இன்னும் இல்லை என்று சாதித்திருக்கலாமே, ஏன் ஒத்துக்கொள்கிறாய் என்று கேட்டீர்கள். நீங்கள் அந்தப் போட்டோவைக் காட்டியதுதான் காரணம். ஆண் குழந்தை. நிறம் அவளுடையது, காது என் அப்பாவுடையது. எனக்கு இரண்டும் பெண்கள். கோயிலில் ஆண்பிள்ளைக் கணக்குப் பார்த்துத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போதெல்லாம் பங்காளிகள் என்னைப் பார்த்து, "தங்கதொரயோட அந்தக் கிளை முடிஞ்சுதுங்" என்று பேசிக்கொள்வார்கள். இப்போது வெளிநாட்டு ஆய்வகமே என் பிள்ளை எங்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சித்ரகலாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "அந்தப் பொண்ணுக்கும் நம்ம பெரியவளுக்கும் ரண்டு வயசுதாங்க வித்தியாசம்" என்றாள். மகள்களைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குளத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கணக்கில் அவள் எப்போதுமே கெட்டி. கோபம் தணிந்தால் வந்துவிடுவாள், பையன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்காது.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் போனில் பேசியதாகச் சொன்னீர்கள். பணம்கூட இரண்டாவதுதான், நடந்ததை அந்த ஆள் தன் வாயால் சொல்லட்டும், ஊர் கேட்கட்டும், தான் பொய்க்காரி இல்லை என்று தெரியட்டும் என்றாளாம். இதோ சொல்லிவிட்டேன். அரிசியை நான் கொடுத்தேன், கதவை நான் திறந்தேன், வரமாட்டேன் என்றபோது தண்ணீரை நான் நிறுத்தினேன், டீசல் நிறைய இருந்தது. என் எச்சிலுக்குப் பதில் தம்பியின் எச்சிலைக் கொடுத்தேன். பிள்ளை என்னுடையது. எழுதிக்கொண்டீர்களா? இங்கே கையெழுத்துப் போடட்டுமா?

என் பங்குக்கு நான் முழுசாகச் செய்துவிட்டேன். பையனைத் திருப்பூருக்கு அனுப்பினால் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தி, என் அப்பா பெயரையே வைக்கலாம் என்றுதானே கேட்டேன். அவளுக்குத் துணிமணி வேண்டுமானால் ஒரு பண்டல் பனியன்கூட அனுப்பத் தயார். ஆனால் பிள்ளையைத் தரமாட்டாளாம். என் முகத்தைக்கூட அவன் பார்க்கக்கூடாதாம். தகப்பனிடமிருந்து மகனைப் பிரித்துவைப்பது எந்த ஊர் நியாயம்? இவ்வளவு நேரம் அவள் சொன்னதையெல்லாம் விசாரித்தீர்கள். இப்போது இன்னொரு தாள் எடுங்கள், மேடம். அந்தப் பெண்மேல் நான் ஒரு புகார் கொடுக்கவேண்டும்.