மணக்கிற தண்ணீர்

இந்த டம்ளரை மாற்றித் தர முடியுமா? முட்டை சாப்பிட்ட வாயோடு யாரோ இதில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். கழுவியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. விளிம்பை மட்டும் விட்டுவிட்டார்கள். உங்கள் மேல் குற்றமில்லை, பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். சோப்புத் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்காகத்தான். சோப்புக் காய்ச்சும் ஒவ்வொரு கொப்பரையையும் முகர்ந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதனால்தான் எங்கள் குடியிருப்பில் எனக்கு மூக்கு என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வருத்தப்பட்டதில்லை.

நீங்கள் அந்த பெஞ்சைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கட்டடங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாட ஒரு மணல்திட்டு இருக்கிறது. பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சு. சாயங்காலம் பிள்ளைகளை மணலில் இறக்கிவிட்டு, பெற்றவர்கள் அங்கே உட்கார்ந்து பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பள்ளிக்கூடத்தில்தான் போய் முட்டும். நகரத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பங்குச் சந்தைக்காரர்கள் மாதிரி அலசுவோம்.

"டிப்போ ஸ்கூல்தான் இப்ப மேல வருதாம். புது ஹெட்மாஸ்டர், செம ஸ்ட்ரிக்டு" என்பார் பேக்கரிக்காரர்.

"மேல வருதோ இல்லியோ, பஸ்ஸு புகை உள்ள வருது" என்பாள் என் அண்ணி. அண்ணனின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அப்ப பாலத்தடி ஸ்கூல்? அங்க பிள்ளைங்க இங்கிலீஷ்ல பாட்டுப் பாடுதுங்களாம்."

"பாடும், பாடும். மேல ஒரு லாரி போனா அதுங்க வாயசைக்கிறதுதான் தெரியும்."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்புவார்கள். எங்கள் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிகள் கதவைத் திறந்து பெற்றோரைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாளில், மற்றவர்கள் டீச்சர்களைப் பார்ப்பார்கள், நான் கழிப்பறைக்குப் போவேன். அப்படியே தண்ணீர்த் தொட்டி, சமையலறை, பிள்ளைகள் தலைவைத்துத் தூங்கும் பாய். ஒரு பள்ளியின் யோக்கியதை கரும்பலகையில் தெரியாது. மூலையில் தெரியும். டிப்போ பள்ளியில் பழைய மூத்திர வாடையை பினாயில் போட்டு மூடியிருந்தார்கள். பாலத்தடிப் பள்ளியில் பாய்களுக்கு வாந்தி காய்ந்த புளிப்பு. நான் தலையாட்டாத பள்ளிக்கு எங்கள் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையும் போனதில்லை.

மணிக்கூண்டுப் பள்ளிக்கு நான்தான் தலையாட்டினேன். அதை மறந்துவிடக் கூடாது. அப்போது அது யாரும் சீண்டாத பள்ளி. ஆனால் கழிப்பறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை மட்டுமே இருந்தது. குழாயில் வந்த தண்ணீருக்கு எந்த வாசனையும் இல்லை. தண்ணீருக்கு வாசனை இல்லாதது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? பெஞ்சில் வந்து சொன்னேன். அவ்வளவுதான். பேச்சு பெஞ்சிலிருந்து படிக்கட்டுக்கு, படிக்கட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து ஊருக்கெல்லாம் போய்விட்டது.

என் மகளைச் சேர்க்கப் போன அன்று கேட்டுக்கு வெளியே தெரு முழுக்க வரிசை. வெயிலில் வேர்த்த அக்குள்கள், சளி ஒழுகும் மூக்குகள், பல் தேய்க்காமல் வந்து என் காதருகே மூச்சுவிட்ட ஒருவர். ஒரு பெண் தன் குழந்தையின் மூக்கைச் சிந்தி, அந்தக் கையைப் பள்ளியின் சுவரில் துடைத்தாள். நான் கண்டுபிடித்த சுவர் அது.

கூட்டம் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டார்கள். கடைசிச் சீட்டு பேக்கரிக்காரரின் மகளுக்கு விழுந்தது. அடுத்ததாக எடுத்தது என் மகள் பெயர். அதாவது காத்திருப்பவர்களில் முதல் ஆள். யாராவது ஒரு பிள்ளை விலகினால் இடம் எங்களுக்கு.

ஒரு பிள்ளை. நான் கேட்டது அவ்வளவுதான்.

பேக்கரிக்காரர் மகளைச் சில்லறை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பொடிசு, எப்போதும் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அவருக்கு மனைவி இல்லை. பிள்ளையின் தலைமுடியில் எந்நேரமும் மாவும் வெண்ணெயும் மணக்கும். ஒழுங்காகக் குளிப்பாட்டத் தெரியவில்லை, பாவம். நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

முதலில் பேச்சால்தான் முயன்றேன். நான் ஒன்றும் முரட்டு ஆள் இல்லை. மணிக்கூண்டுப் பள்ளியில் ஏதோ வாடை அடிக்கிறது, முன்பு மாதிரி இல்லை என்று பெஞ்சில் சொன்னேன்.

"ஏன் நாத்தனாரே, சீட்டு கிடைக்கலன்னதும் நாறுதா?" என்றாள் அண்ணி.

பெஞ்சே சிரித்தது. பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க. தங்கச்சிக்கு ஜலதோஷமா இருக்கும்" என்றார். எனக்கு வக்காலத்து வாங்குகிறாராம்.

இத்தனை வருடத்தில் என் மூக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அன்றிரவு எனக்குப் புரிந்தது, அவர்களுக்குச் சொல் போதாது. முகர்ந்து பார்க்க ஏதாவது வேண்டும். அவர்கள் மூக்குக்கும் எட்டுகிற மாதிரி ஒன்று.

எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் கொழுப்புக் குழி இருக்கிறது. சோப்புக்கு உதவாத கழிவுக் கொழுப்பை அங்கே கொட்டுவார்கள். எலிகள் அதைத் தின்ன வந்து உள்ளே விழுந்து செத்து ஊறும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதை வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. தோல் தனியாக வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நீங்கள் நினைப்பது போல நான் ஒளிந்துகொண்டு போகவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடிக்கும் நாள். காத்திருப்பவர்களும் வரலாம் என்றார்கள். மொட்டைமாடித் தொட்டியின் வெளிப்பக்கத்துக்கு நான் வண்ணம் அடிக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். சீட்டு கிடைக்காதவள் வேலைக்கு வந்திருக்கிறாளே என்று ஒரு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏணியைப் பிடித்துக்கொண்டது பேக்கரிக்காரர்தான். "பாத்து ஏறுங்க தங்கச்சி. விழுந்தா உங்க அண்ணி எனக்கு ஊசி போட்ருவாங்க" என்றார். சில்லறை பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது, "ஆன்ட்டி, வாளி கனமா இருக்கா?" என்று கேட்டது. இல்லை கண்ணு என்றேன்.

இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் துணிக்கு வருகிறேன். பாலித்தீன் பையில் வைத்திருக்கிறீர்கள், இருந்தும் இங்கேவரை மணக்கிறது. எலுமிச்சைப் பூ. இன்னும் கடைக்கு வராத சோப்புக்காக நாங்கள் சோதித்துப் பார்க்கும் வாசனை. அது எங்கள் ஆய்வறையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதை வைத்துத்தான் என்னிடம் வந்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நான் அந்தத் துணியை ஏன் எடுத்துப்போனேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. சொல்கிறேன். வாளிக்குள் ஒளித்திருந்த எலியின் நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஏணியின் பாதியிலேயே வாந்தி எடுத்திருப்பேன். அதனால் ஒரு துணியை அந்த வாசனையில் முக்கியெடுத்து அதைச் சுற்றினேன். உள்ளே போடும்போது துணியைப் பிரிக்கக் கை வரவில்லை. அப்படியே போட்டு மூடிவிட்டேன்.

அதுதான் நான் செய்த ஒரே தவறு. ஒரு மூக்குக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தவறு.

என் கணக்கு எளிமையானது. திங்கட்கிழமை தண்ணீர் நாறும். மூடியைத் திறப்பார்கள், எல்லோரும் பார்ப்பார்கள், அருவருத்து ஒருவராவது பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார். தொட்டியைக் கழுவிவிட்டால் பள்ளி பழையபடி ஆகிவிடும். யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போயிருக்காது. நாறுகிற தண்ணீரை யார் குடிப்பார்கள்?

ஆனால் தண்ணீர் நாறவில்லை. மணந்தது.

சாயங்காலம் பெஞ்சில் பேக்கரிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஸ்கூல்ல தண்ணிகூட மணக்குது தெரியுமா? பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சுக் குடிக்குதுங்க. டிப்போ ஸ்கூல்ல இப்படி உண்டா?" என்றார். டிப்போ பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் செய்த காரியத்தால் பள்ளிக்கு இன்னும் மவுசு கூடியது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் சில்லறை மணலிலிருந்து ஓடிவந்தது. கையில் பள்ளியில் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்.

"இத நம்ம மூக்குகிட்ட குடு. என்ன வாசனைன்னு தங்கச்சி கரெக்டா சொல்லும்" என்றார் பேக்கரிக்காரர்.

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. பல நாளைக்குப் பிறகு மறுபடி என் மூக்குக்கு மரியாதை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மேலே எலுமிச்சைப் பூ. அதற்குக் கீழே, மெல்லிசாக, கொழுப்புக் குழி. அவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, யாரோ காதில் பேசுவது போல.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. சொன்னால் தொட்டியைத் திறப்பார்கள், துணி கிடைக்கும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்கு எந்தப் பிள்ளைக்குத்தான் வருவதில்லை? அதைப் பார்த்து ஒருவர் விலகினாலும் போதும்.

"நல்ல தண்ணி" என்றேன்.

சில்லறை பாட்டிலை வாங்கி, என் எதிரிலேயே அண்ணாந்து மடமடவென்று குடித்தது. தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தது. பிள்ளைகள் அப்படித் துடைப்பது எனக்குப் பிடிக்காது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வரவில்லை. வந்தபோது அவள் மேல் அடித்த வாடையை வைத்தே நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. "மத்ததெல்லாம் தேறிடும் நாத்தனாரே. சில்லறைதான்..." என்று சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். அவள் எழுந்துபோனதும் மறுபடி துடைத்தேன்.

சில்லறையைப் புதைத்த அன்று பேக்கரிக்காரர் என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க மோந்து பாத்து நல்ல தண்ணின்னீங்களே தங்கச்சி, அப்ப தண்ணியில்ல, வேற ஏதோதான், இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. அவர் சட்டையில் அன்றும் வெண்ணெய் மணம்.

அதன் பிறகுதான் தொட்டியைத் திறந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. தொட்டி கழுவி, பள்ளி மறுபடி திறந்ததும் அவர்களாகத்தான் கூப்பிட்டார்கள், ஒரு இடம் காலி என்று. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் நம் பிள்ளையா என்று முகத்தை மூடிக்கொண்டார். அவர் இளகின மனசுக்காரர். இடத்தை வீணாக்கினால் மட்டும் அந்தப் பிள்ளை திரும்பி வருமா என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். வகுப்பில் அந்தப் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சை வெந்நீரில் சோப்புப் போட்டு நானே தேய்த்தேன். வெண்ணெய் வாசனை போக வெகு நேரமானது.

ஆமாம், எலியைப் போட்டது நான்தான். தெரிந்தே நல்ல தண்ணீர் என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும், என் வீட்டுக்காரரிடம் ஞாபகமாகச் சொல்லிவிடுங்கள். நாளையிலிருந்து பிள்ளையை அவர்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரை வீட்டிலேயே காய்ச்சிப் பாட்டிலில் கொடுத்துவிடட்டும். தொட்டியை நன்றாகத்தான் கழுவியிருக்கிறார்கள், நானே முகர்ந்து பார்த்தேன். ஆனாலும் அந்த வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். எவர் மனதில் என்ன அழுக்கு இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?