வியாழக்கிழமைச் சொட்டு

ஊசி குத்துவதற்கு முன்னால் விரலை வெதுவெதுப்பாக்க வேண்டும், ஐயா. நான் என் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துக்கொள்வேன். இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில், நரம்புகளுக்கு வேண்டிய பி12 வைட்டமினை அளக்கும் உணரி செய்கிறோம். நகத்தளவு பட்டை, அதில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், ஓடுகிற மின்சாரத்தை வைத்துக் கருவி அளவு சொல்லிவிடும். அதைச் சோதிக்கச் சத்துக் குறையாத ஆட்கள் வாராவாரம் வர வேண்டும். குறைந்துவிட்டால் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது விதி.

அப்படி வருகிறவர்களில் ஒரு தையற்காரம்மா வியாழக்கிழமைகளில் வருவார். மற்ற நாட்களில் என்னோடு பேச நாதி கிடையாது. அவர் வந்ததும், "சாப்டீங்களா தம்பி?" என்பார். ஒருமுறை என் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து அங்கேயே தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் மாதம் அவர் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. சொல்லியிருந்தால் நாலைந்து ஊசியில் சரியாகியிருக்கும். அடுத்த வியாழன் நாற்காலி காலியாக இருந்திருக்கும். கருவியைச் சரிபார்க்க, அளவு தெரிந்த பி12 கரைசலை ஒரு குப்பியில் வைத்திருப்போம். அதுவும் சிவப்புதான். பட்டையில் விடுவதற்கு முன் அவர் ரத்தச் சொட்டில் அதிலிருந்து துளி கலந்தேன். அளவு நல்லபடியாக வந்தது.

ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. கால் மரத்துப்போகிறது என்று மருத்துவரிடம் போனாராம். நான் கொடுத்திருந்த பி12 அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசாகுதுல்ல" என்று அனுப்பிவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்றார். தையல் இயந்திரத்தை விற்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை இல்லாததால் அதன் பிறகு அவர் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தார்.

இனி அவரால் நடக்க முடியாது, விரல்களுக்கு உணர்வு திரும்பாது என்கிறீர்கள். சரி. கலந்தது நான்தான், ஒவ்வொரு வியாழனும். எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு நான் வலி கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி வாரம்கூட, நான் குத்தி முடித்த பிறகு விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "குத்திட்டீங்களா தம்பி? எனக்குத் தெரியவே இல்லையே."

என் கை அவ்வளவு பக்குவம், ஐயா.