பதினாறு அடி நாலு அங்குலம்

முதன்முதலாகப் படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கராஜை அளக்காமல் படகைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பதுளையில் முப்பது வருடமாக இரும்புக் கடை நடத்துகிறேன், அளவு நாடா சட்டைப் பையிலேயே கிடக்கும். ஜெயராசா எதையும் அளக்காமல் செய்கிற ஆள் இல்லை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

மலையில் இருப்பவனுக்குப் படகு எதற்கு என்று கேட்டீர்கள். என் மனைவி மீனாம்பாளும் அதைத்தான் கேட்டாள். கடை வேலையாக மொனராகலைப் பக்கம் போனபோது, குளத்து நடுவில் ஒருவர் படகில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவரிடம் யாரும் ஆணி கேட்கவில்லை, தகரம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்படி உட்கார வேண்டும் என்று தோன்றியது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் ஆசைப்படுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மொனராகலை ஸலீமிடம் பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்று விற்பனைக்கு இருந்தது. அடிப்பாகம் தட்டை, லேசில் கவிழாது, முதல் படகுக்கு அதுதான் தோது. அதை ஏற்றி இழுக்க டிரெய்லரும் அவரிடமே இருந்தது. மழையிலும் வெயிலிலும் போட்டால் பாழாகிவிடும், உள்ளே வைக்க இடமிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இடம் இருந்தது, ஆனால் அதில் எட்வர்ட்டின் குடும்பம் குடியிருந்தது.

எட்வர்ட் என் கடை லொறி ஓட்டுபவன். அதற்கு முன் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் ஓட்டினான். வீடு அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். இந்த மழைக்கு லயத்துக்குப் பின்னால் மலையில் விரிசல் விட்டதும் எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். எட்வர்ட்டுக்குப் போக இடமில்லை. அவனையும் மனைவி இருதயம்மாவையும் மகள் ரொஷானியையும் என் கராஜில் வைத்தது நான்தான். யாரும் கேட்டு வைக்கவில்லை. கோயில் கூட்டத்தில் இதற்காக எனக்கு மாலை போட்டார்கள். ஐந்து வாரம் இருந்தார்கள். தண்ணீர், வெளிச்சம் எல்லாம் என் வீட்டிலிருந்துதான்.

கராஜை அளந்தபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்தது எட்வர்ட்தான். கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரோடு சேர்த்துப் பிடித்தான்.

"பதினாறு அடி நாலு அங்குலம், மொதலாளி."

படகு பதினான்கு. இரண்டு அடிக்கு மேல் மிச்சம். எனக்குத் திருப்தியாக இருந்தது. அவன் வெளியே வந்து தலையைச் சொறிந்தான்.

"டிரெய்லரு தண்டையும் சேத்து அளக்கணுங்க. தோட்டத்துல டெக்டர் பெட்டிய கொட்டாய்க்குள்ள விட்டா, இழுக்குற தண்டு வெளிய நீட்டிக்கிட்டுதான் நிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைக்க மாட்டேன். என் கராஜில் இருந்துகொண்டு எனக்கே அளவு சொல்லித் தருகிறான். இடத்தை விட மனமில்லாமல் தண்டைச் சாக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மடக்குத் தண்டு வைத்த டிரெய்லர் ஒரு மாதத்தில் வரும், பொறுங்கள் என்று ஸலீமும் சொன்னார்தான். ஆனால் ஐயர் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து பத்து இருபதுக்குள் என்று நேரம் குறித்துவிட்டார். அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும். எங்கள் வீட்டுக்கு ஒரு சைக்கிள்கூட மார்கழியில் புதிதாக வந்தது கிடையாது.

புதன்கிழமை காலை கடைக்குத் தொலைபேசி வந்தது. இடம்பெயர்ந்தவர்களைப் பதிந்தபோது எட்வர்ட் என் கடை இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தான். பேசியவர் அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்து ஆதிலா என்ற அதிகாரி. நல்ல மரியாதையான பெண்.

"விரிசல் இன்னும் நாலு அங்குலம் விலகியிருக்கு. நாங்க மறுபடி அறிவிக்கும்வரைக்கும் அந்தக் குடும்பத்த லயத்துப் பக்கம் விட்டுடாதீங்க. நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன், மிஸ்," என்றேன்.

அன்று பின்னேரம் எட்வர்ட்டைக் கூப்பிட்டேன்.

"ஆபிசுல இருந்து பேசுனாங்க. மலையச் சோதிச்சுப் பாத்துட்டாங்களாம். வீட்டுக்குப் போகலாமாம்."

அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "மெய்யாவாங்க, மொதலாளி? மழை இன்னும் விடலியே."

"படிச்சவங்க சொல்றாங்க. அவங்களவிட ஒனக்குத் தெரியுமா?"

"இல்லீங்க. நீங்க சொன்னா சரிங்க."

வியாழன் காலை வான் பிடித்துக் கொடுத்து அனுப்பினேன். வீட்டை ஒழுங்குபடுத்த எட்வர்ட்டுக்கு மூன்று நாள் லீவும் கொடுத்தேன். இருதயம்மா போகுமுன் கராஜைக் கூட்டிக் கழுவினாள். சுவரில் ஒட்டியிருந்த மாதா படத்தை, சாயம் உரியாமல் மெதுவாகக் கழற்றி எடுத்தாள். மீனாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க புண்ணியத்துல அஞ்சு வாரம் பயமில்லாம தூங்குனோம்மா," என்றாள்.

மீனாம்பாள் என்னைப் பார்த்தாள். "மழை விட்ட பொறகு போனா என்னங்க?"

அவளுக்குத் தொலைபேசி விஷயம் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

வெள்ளி ஒன்பது இருபதுக்குப் படகு வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கராஜுக்குள் தள்ளினோம். படகின் பின்பக்கம் சுவரில் முட்டி நின்றது. தண்டு வாசலுக்கு வெளியே பத்து அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சாய்த்துத் தள்ளினோம், திருப்பித் தள்ளினோம். கதவைச் சாத்த முடியவில்லை. எட்வர்ட் சொன்னது சரி. சரியாகச் சொல்லியிருக்கிறானே என்று அவன்மேல் இன்னும் கோபம்தான் வந்தது. கடைசியில் படகை வெளியே இழுத்து, முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

நீங்கள் இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கே கராஜ் காலி. ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டி வந்திருக்கலாமே என்பீர்கள். கூட்டி வந்தால் எட்வர்ட் முற்றத்தில் கிடக்கும் படகைப் பார்ப்பான். பிறகு அந்தத் தண்டைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். என் டிரைவர் என்னை அப்படிப் பார்ப்பதை நான் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கியது. தண்டை அறுத்துவிடலாமா என்று இரும்பு வாளோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. எட்வர்ட்டையும் இருதயம்மாவையும் திங்கட்கிழமைதான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பண்டாரவளைக்கு வகுப்புக்குப் போயிருந்ததால் ரொஷானி தப்பினாள். முதலாளி சொல்லித்தான் போனோம் என்று உங்களிடம் வந்து சொன்னவள் அவள்தான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆதிலாவும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். விரிசல் எத்தனை அங்குலம் என்றுகூடத் தெரிந்துகொண்டுதான் அவர்களை அதன் கீழே அனுப்பினேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வருந்துகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம். இந்த ஊரில் எத்தனை கராஜ் இருக்கிறது, அந்த மழையில் எவன் கதவைத் திறந்தான்? திறந்தவன் ஒருவன்தான், அவனைத்தான் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். திறக்காதவர்கள் எல்லாரும் நல்லவர்களாக வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரொஷானி யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருக்கிறாளாம். பாவம், பரீட்சை வேறு வருகிறது. அவள் என்மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா கழுவிவிட்டுப் போன கராஜ் சும்மாதான் கிடக்கிறது. மீனாம்பாளிடம் சாவி இருக்கிறது. மடக்குத் தண்டு டிரெய்லரைத் தையில்தான் எடுக்கப்போகிறேன். அதுவரைக்கும் அவளை வந்து இருக்கச் சொல்லுங்கள்.