ஏழடித் தாளத்தில் நாலு தட்டியவர்

நம்ம ஊர் வெக்கைக்கு இசைத்தட்டுகளை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், மகள். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் கிடப்பது வளைந்துபோகும். உன் அப்பாவிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு நெல் மூட்டை அடுக்குகிற மாதிரியே அடுக்குவார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தது நல்லது, யசோதினி. இந்த மத்தியான வெயிலில் மருந்து வாங்க என் பாமசிக்கு யாரும் வரப்போவதில்லை. அந்தக் கதிரையில் இரு. கொண்டுவந்த மருந்துக் குளிசைப் பையைக் கவுண்டரிலேயே வை, அதைப் பற்றியும் சொல்வேன். "அப்பாக்கு என்ன குடுத்தீங்க, மாமா?" என்று கேட்டாய். குரலை உயர்த்தாமல் கேட்டாய். சத்தம் போடாமல் கேட்கிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம்.

உன் அப்பா வினாயகமூர்த்தியும் நானும் ஐம்பது வருசமாகப் பிடித்த சண்டை காணிக்காக இல்லை, கோயில் உரிமைக்காகவும் இல்லை. எழுபதுகளில் இங்கிலாந்தில் வாசித்த சில குழுக்களில் எது பெரியது என்பதற்காக. புரோகிரசிவ் ரொக் என்று சொல்வார்கள். ஒரு பாட்டே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். தாளம் ஐந்தாகப் போகும், ஏழாகப் போகும், நடுவில் உடைந்து இன்னொன்றாகும். கவனமாக எண்ணிக்கொண்டு கேட்கிறவனுக்குத்தான் அது திறக்கும். மற்றவர்களுக்கு அது இரைச்சல்.

புளியந்தீவில் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஒரு பறங்கியர் வீட்டில்தான் இருவரும் முதலில் கேட்டோம். அவருடைய தம்பி கப்பலில் வேலை செய்தவர், போகிற துறைமுகத்திலெல்லாம் வாங்கி வருவார். பிறகு அந்தக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. போகும்போது பெட்டி முழுவதையும் உன் அப்பாவிடம் கொடுத்தார். எனக்குக் கை மட்டும் குலுக்கினார். "மூர்த்தி இதக் கேக்கக்குள்ள அழுவான். நீ எண்ணிக்கொண்டிருப்பாய்" என்று சொன்னார். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பெட்டி அவரிடம் இருந்தால் என்ன, உங்கள் ஊர் வவுணதீவு அப்படி ஒன்றும் தூரமில்லையே. வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஓட்டமாவடியிலிருந்து பஸ்லானும் வருவார். குவைத்தில் லொறி ஓட்டியபோது பாலைவன ரோட்டில் பிங்க் ஃபுளொயிட் கேட்டுப் பழகினவர், அதை விட்டு இறங்க மாட்டார். ஆனால் அவர் யாருக்கும் தொல்லை இல்லை. "எல்லாம் நல்லந்தான், வாப்பா" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். சண்டை எனக்கும் மூர்த்திக்கும்தான். நான் கிங் கிரிம்சன் குழுவின் பக்கம். அவர் கேமல் பக்கம்.

கேமல் மோசமான குழு என்று நான் சொல்லமாட்டேன். கிற்றாரும் புல்லாங்குழலும் இனிமையாக இருக்கும். எனக்கு அருவருப்பு அந்த இசையில் இல்லை, உன் அப்பா அதைக் கேட்ட விதத்தில்.

நண்டுக் கறி சாப்பிட்ட கையை உடுத்திருக்கிற சாரத்தில் துடைத்துவிட்டு அதே விரலால் இசைத்தட்டைத் தூக்குவார். ஊசி இறங்கினதும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருப்பார். வெற்றிலைச் சாயம் ஏறிய பற்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் வரும், பிறகு மூக்கும் ஒழுகும். தோளில் கிடக்கிற துவாயால் சிந்திவிட்டு, ஈரமான அந்தக் கையாலேயே என் தொடையில் தட்டித் தாளம் போடுவார். அதுவும் பிழையான தாளம். ஏழடியாகப் போகிற இடத்தில் நாலாகத் தட்டுவார். பாட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனாலும் அழுவார். "இந்த இடம் எங்கட அம்மா கூப்பிர்ற மாதிரி இரிக்கு மச்சான்" என்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் கவனமாகக் கணக்குப் போட்டு எழுதின இடத்தில் உன் அப்பம்மாவைக் கொண்டுவந்து உட்காரவைப்பார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பிரிட் போட்டுக் கை துடைப்பேன், காற்சட்டையை வாளிக்குள் போடுவேன்.

தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது சனம் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தோணியேறியது. உன் அப்பா அந்தப் பெட்டியை யூரியா பையால் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வாவிக்குள் இறங்கினார். உன் அம்மா இலட்சுமிப்பிள்ளை கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டியவர். கரையேறும்போது பக்கத்தில் ஷெல் விழுந்தது. இசைத்தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இரண்டு காதுச் சவ்வும் கிழிந்தன, பிறகு பொருந்தவே இல்லை. மாரி வந்தால் சீழ் வடியும். கேட்பது கொஞ்சம் மந்தம். ஓட்டைக் காதோடு கேட்டுவிட்டுத்தான் எது பெரியது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் நான் பொறுத்தேன்.

போன வருசம் நகரத்தில் சில இளம் பிள்ளைகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்பது, பிறகு பேசுவது. எழுபதுகளின் குழுக்களில் எது பெரியது என்று எங்கள் இருவரையும் பேசக் கூப்பிட்டார்கள். நீ கொழும்பில் இருந்ததால் வரவில்லை. நான் பல நாளாக ஆயத்தம் செய்தேன். எந்த இடத்தில் தாளம் மாறுகிறது, ஒரு வாத்தியம் ஐந்தில் போக இன்னொன்று ஏழில் போய் எங்கே திரும்பவும் சந்திக்கின்றன என்று கைதட்டிக் காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாக இருந்தார்கள். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள்.

பிறகு மூர்த்தி எழும்பினார். ஒன்றும் ஆயத்தம் இல்லை. "எனக்குத் தாளமெல்லாம் தெரியா, புள்ளைகள். ஷெல்லடிக்குள்ள இதத் தலையில வச்சிக்கிட்டு வாவியக் கடந்தன். ஏன் எண்டு கேட்டா எனக்கே சொல்ல ஏலா. கேட்டுப் பாருங்க" என்று ஊசியை இறக்கினார். வழக்கம்போல அழுதார். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளையும் அழுதாள். கேட்டு முடிந்ததும் எந்தக் குழு பெரியது என்று கை தூக்கச் சொன்னார்கள். கிரிம்சனுக்கு நான் மட்டும்தான் கை தூக்கினேன். மூர்த்தி என் தோளில் கைபோட்டு, "உதயரூபன்ட பேச்சு நல்லம். ஆனா அது கணக்குப் பாடம்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நீ நினைப்பாய். பொலிசும் அப்படித்தான் எழுதும். அது சரியில்லை. தோற்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் அவரிடமிருந்து பழகப் போகிறார்கள். மூக்கைச் சிந்துவதுதான் இசை கேட்பது என்று ஒரு தலைமுறையே நினைத்துக்கொள்ளப் போகிறது. யாராவது அதை நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை அவரே இங்கே வந்தார். நீ இருக்கிற அதே கதிரை. வாய்க்காலில் குளித்திருக்கிறார், இரண்டு காதிலும் சீழ். ரோச் வெளிச்சம் அடித்துக் காதுக்குள் பார்த்தேன். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சவ்வில் பெரிய ஓட்டைகள், இரண்டு பக்கமும். ஓட்டையுள்ள காதுக்குள் விடக்கூடாத சொட்டு மருந்துகள் சில உண்டு. உள்ளே இறங்கினால் கேட்கிற நரம்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும், திரும்ப வராது. பாமசி படிக்கிற எவனுக்கும் முதலில் சொல்லித்தரும் விசயம் அது. பெயர் ஒட்டாத ஒரு போத்தலில் அதை ஊற்றிக் கொடுத்தேன். "ரெண்டு காதுக்கும் விடு, விடாமத் தொடர்ந்து விடு" என்றேன். "நீ இரிக்கக்குள்ள எனக்கு என்ன டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிய முடிய வந்து வாங்கினார். தலை சுற்றுகிறது என்றார், அப்படித்தான் இருக்கும் என்றேன். காதுக்குள் தும்பி பறக்கிற சத்தம் என்றார், சீழ் காய்கிறது என்றேன்.

அறுவடை முடிகிற நேரம் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயசுக்கு அப்படி வரும் என்று உன்னிடம் போனில் சொன்னது நான்தான். நீ எனக்கு நன்றி சொன்னாய். பஸ்லான் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று அழுதார். பிறகு அவர் வரவில்லை. நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஒரு சிலேட் வாங்கிக்கொண்டுபோய் எழுதிக் காட்டிப் பேசினேன். வேறு யார் அவருக்கு அப்படிச் செய்தார்கள்?

விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஒரு நாள் போனபோது கேமலைப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தார். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. செவிடான பிறகும் இந்த நாடகமா என்று நினைத்தேன். அப்போது, "இப்ப குழல் வரும் பாரு" என்று உரத்துச் சொன்னார். குழல் வந்தது. சரியாக அந்த இடத்தில் வந்தது. அவருடைய மற்றக் கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் நானும் எண்ணினேன். ஏழு. திரும்பவும் ஏழு. பாட்டு முடியும்வரை ஒரு இடத்திலும் பிசகவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "முந்தி அழுற அழுகையில தாளத்தக் கவனிக்கல்ல மச்சான். இப்ப உள்ளுக்குள்ள ஓடக்குள்ளதான் ஏழு எண்டு விளங்குது. நீ சொன்னதுதான் சரி" என்றார். செவிடர்கள் பேசுவதுபோல் வீடு அதிரச் சொன்னார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஆனாலும் பெரியது எண்டா இதுதான்கா" என்றார்.

விளங்குகிறதா, மகள்? காதில்லாமலேயே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அழுக்கு மனுசனுடைய தலைக்குள் எல்லாம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. நான் முழுக் காதோடு பக்கத்தில் இருந்தேன். எனக்கு அப்படி எதுவும் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கே நித்திரை வருவதில்லை என்று சொன்னார். அடுத்த தடவை குளிசை கொண்டுபோனேன். இந்தப் பைக்குள் இருப்பவைதான். வயசான ஆளுக்குத் தொடர்ந்து கொடுத்தால் நினைவைக் குழப்பும், புத்தியை மங்கவைக்கும் என்று ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நித்திரைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று நானே கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தேன். முதலில் வெள்ளாமைக் கணக்கு மறந்தது. பிறகு பஸ்லானின் பெயர். போன மாதம் நீ வந்தபோது உன்னை இலட்சுமி என்று கூப்பிட்டாராம். அதைக் கேட்டு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து ஆளைப் பார்த்து, இதை மட்டும் எடு, அதை விடு என்று வேலை செய்வதில்லை.

போனை எடுத்துவிட்டாய். எடு, நான் தடுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் கவனி. குளிசையை டொக்டர் சொல்கிற விதமாகக் குறை, ஒரேயடியாக நிறுத்தாதே, வலிப்பு வரக்கூடும். புத்தி கொஞ்சம் திரும்பலாம். காது திரும்பாது. இதைக் கோபமில்லாமல்தான் சொல்கிறேன். உன் அப்பா எனக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

போன ஞாயிறும் போயிருந்தேன். முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தது, அவர் கோழி துரத்துகிற கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்து சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: எழுபதுகளில் எது பெரிய குழு? வெகுநேரம் வாசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆரு?" என்று கேட்டார். வாழ்நாளில் என்னை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை. நான் அதை அழித்துவிட்டு, கிங் கிரிம்சன் என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஊருக்கு வந்த விருந்தாளிக்குத் தலையாட்டுவதுபோல், ஓம், சரி என்று தலையாட்டினார்.

ஐம்பது வருசத்தில் முதல் தடவையாக நாங்கள் ஒத்துப்போனோம். எனக்கு அது போதும், மகள். அதற்கு மேல் நான் எதையும் ஆசைப்பட்ட ஆளில்லை.